இசட்விஎம் தகராறு செய்தால் முதலில் எங்கே பார்ப்பது

ராத்திரி ஷிஃப்டில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான். “அண்ணா, கெஸ்ட் தொங்குது. ஃபோர்ஸ் போட்டுடலாமா?”

மெஷின், அதாவது ஐபிஎம் மெயின்ஃப்ரேம், இருப்பது அமெரிக்காவில். அதைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் இருப்பது துரைப்பாக்கத்தில். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் நன்றாகத் தெரியும்; அதற்கு அடியில் ஓடி, ஒரே மெயின்ஃப்ரேமைப் பல மெய்நிகர் மெஷின்களாக (அவைதான் கெஸ்ட்) பிரித்துக் கொடுக்கும் இசட்விஎம்மை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் எத்தனை தடவை தட்டுவது? அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். கியூ என்றால் கொயரி. ஐபிஎல் என்று வரும் இடமெல்லாம் சிஸ்டத்தை ஏற்றுவது; சேப்பாக்கம் இல்லை. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், வேறு ஆளை எழுப்ப வேண்டிய கட்டம் கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த சேதங்களை எண்ணினால், பிழை செய்ததைவிட அவசர மருந்து செய்தது அதிகம்.

## லினக்ஸ் கெஸ்ட் பதில் சொல்லவில்லை

முதல் கேள்வி: தொங்குவதற்குச் சற்று முன் யாராவது அந்தக் கெஸ்டின் கன்சோலுக்குள் போனார்களா? போனார்கள் என்றால் முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது. 3270 (மெயின்ஃப்ரேம் டெர்மினல்) திரையின் வலது கீழ் மூலையைப் படியுங்கள்.

### மூலையில் “மோர்” என்று இருக்கிறது

திரை நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். க்ளியர் விசையை அழுத்துங்கள். அழுத்தாவிட்டாலும் வழக்கமான அமைப்பில் அறுபது விநாடியில் தானே நகரும். ஆனால் லினக்ஸ் பூட் ஆகும்போது ஒரு திரைக்கு ஒரு நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். “பூட் ஆக அரை மணி நேரம் ஆகுது” என்று வந்த புகார்களில் சில இந்த வகைதான். டெர்மினல் மோர் 1 0 என்று கொடுத்தால் ஒரு விநாடியில் நகர்ந்துவிடும்.

### “ஹோல்டிங்”

“மோர்” இருக்கும்போது யாரோ என்டரைத் தட்டியிருக்கிறார்கள். இது தானாக நகரவே நகராது. திரையை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், கெஸ்ட் எழுத வேண்டிய கன்சோல் செய்திகள் பின்னால் வரிசை கட்டி நிற்கும். இதற்கும் க்ளியர்தான்.

### “சிபி ரீட்”

இதுதான் முக்கியமான ஆள். டிஸ்கனெக்ட் ஆகி ஓடிக்கொண்டிருந்த கெஸ்டுக்குள் நீங்கள் லாகான் செய்தவுடன், அதை நிறுத்தி வைத்துவிட்டு சிபி (எல்லாக் கெஸ்டையும் ஆளும் இசட்விஎம்மின் மையப் பகுதி) உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. உள்ளே லினக்ஸ் உறைந்து கிடக்கும். வெளியே அப்ளிகேஷன் டீம் அலறும். பிகின் என்று தட்டுங்கள், உயிர் வந்துவிடும்.

மறுபடி வராமல் இருக்க, அந்தக் கெஸ்டில் கியூ செட் கொடுத்து ரன் என்ற சொல்லைத் தேடுங்கள். ஆஃப் என்று இருந்தால் செட் ரன் ஆன். இதை ஒரு தடவை கையால் கொடுத்தால் அடுத்த லாகானில் போய்விடும். டைரக்டரியில் (எல்லா யூசர்களின் வரையறையும் இருக்கும் கோப்பு) அந்தக் கெஸ்டின் பதிவில் கமாண்ட் வரியாகவோ, தொடங்கும்போது தானே ஓடும் அதன் ப்ரொஃபைல் எக்ஸெக்கிலோ எழுதுங்கள். எல்லா லினக்ஸ் கெஸ்டுக்கும் இது இருக்க வேண்டும். இல்லாத கெஸ்டை நான் இன்னும் மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

### “ரன்னிங்” என்றுதான் இருக்கிறது, ஆனாலும் அசையவில்லை

இப்போதுதான் உண்மையான பிரச்சினை. இன்னொரு யூசரிலிருந்து இண்டிகேட் யூசர் கொடுங்கள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கொடுங்கள். டிடைம் (கெஸ்ட் செலவழித்த மொத்த சிபியு நேரம்) விறுவிறுவென்று ஏறினால் உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது. டிடைமும் ஐஓ எண்ணிக்கையும் நின்ற இடத்திலேயே நின்றால் கெஸ்ட் எதற்கோ காத்திருக்கிறது, பெரும்பாலும் டிஸ்க்.

சுற்றுகிறது என்றால் லினக்ஸ் டீமை எழுப்புங்கள். அவர்கள் டம்ப் (மெமரியின் நகல்) கேட்டால் விஎம்டம்ப் எடுக்கலாம். ஆனால் கெஸ்டின் மெமரி எவ்வளவோ அந்த அளவுக்கு அது ஸ்பூலை (அச்சு, கன்சோல் பதிவு, டம்ப் எல்லாம் தங்கும் டிஸ்க் இடம்) சாப்பிடும். முதலில் ஸ்பூலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

நிறுத்த வேண்டியே வந்தால் சிக்னல் ஷட்டவுன் முதலில். லினக்ஸ் தானே மூடிக்கொள்ள நேரம் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் ஃபோர்ஸ். ஃபோர்ஸ் என்பது ஓடுகிற மெஷினின் ப்ளக்கைப் பிடுங்குவது.

### கெஸ்ட் தொங்கவில்லை, காணவே காணோம்

இரண்டு காரணம்.

ஒன்று, கன்சோலைப் பார்த்து முடித்தவர் பழக்கதோஷத்தில் லாகாஃப் அடித்திருப்பார். லினக்ஸில் லாகவுட் செய்வது போல இல்லை இது. சிபியிடம் லாகாஃப் என்றால் மெஷினே போய்விடும். வெளியே வரும் வழி #சிபி டிஸ்கனெக்ட் மட்டும்தான். இதை எங்கள் தளத்தில் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டாக ஒட்டி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, நம் ஊர்க் காரணம். மழைநாளில் வீட்டிலிருந்து கன்சோலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். கரண்ட் போகிறது, வைஃபை போகிறது, இணைப்பு அறுகிறது. இணைப்பு தானாக அறுந்தால் சிபி அதைக் கட்டாய டிஸ்கனெக்ட் என்று எடுத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 15 நிமிஷத்துக்குள் நீங்கள் திரும்பி வராவிட்டால் கெஸ்டை லாகாஃப் செய்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் 15 நிமிஷத்தில் கரண்ட் திரும்பி வந்த வீடு எது? அப்படி ஒரு டேட்டாபேஸ் கெஸ்டை நாங்கள் பறிகொடுத்தோம். டேட்டா தப்பித்தது, தூக்கம் போனது. சிஸ்டம் கான்ஃபிக்கில் (சிபி ஏறும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) ஃபீச்சர்ஸ் வரியில் டிஸ்கனெக்ட் டைம்அவுட் ஆஃப் என்று இருக்கிறதா பாருங்கள். லினக்ஸ் ஓட்டுகிற தளத்தில் இது ஆஃபாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

திரும்ப எழுப்ப, எக்ஸ்ஆட்டோலாக்.

## “தெரியாத சிபி கட்டளை” என்று சொல்கிறது

எழுத்துப்பிழை இல்லை என்றால், உங்கள் யூசருக்கு அந்தப் ப்ரிவிலேஜ் வகுப்பு இல்லை. அனுமதி இல்லை என்று நேராகச் சொல்லாமல், அப்படி ஒரு கட்டளையே இல்லாத மாதிரி சிபி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கியூ கமாண்ட்ஸ் கொடுத்தால் உங்களுக்கு உள்ளவை எல்லாம் வரும். ஃபோர்ஸ், ஷட்டவுன் போன்றவை ஏ வகுப்பு. அடுத்தவர் ஸ்பூல் கோப்பைத் தொட டி வகுப்பு. சாதாரண யூசருக்கு ஜி. அவசரத்துக்கு மெயின்ட் (சிஸ்டத்தைப் பராமரிக்கும் யூசர்) பாஸ்வேர்டைக் கேட்டு வாங்காதீர்கள். தேவை உண்மையானால் டைரக்டரியில் வகுப்பைச் சேர்க்கச் சொல்லி முறையாகக் கேளுங்கள்.

## ஸ்பூல் நிரம்புகிறது என்று ஆபரேட்டர் கன்சோலில் செய்தி

கியூ அலாக் ஸ்பூல் கொடுத்து சதவீதத்தைப் பாருங்கள். நிரம்புகிற வேகம்தான் முக்கியம். பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பாருங்கள். மெதுவாக ஏறினால் காலை வரை நேரம் இருக்கிறது. கண்ணெதிரே ஏறினால் உட்காருங்கள், வேலை இருக்கிறது.

### மெதுவாக ஏறுகிறது

மாதக்கணக்கில் யாரும் கூட்டிப் பெருக்காத குப்பை. கியூ ரீடர் ஆல், கியூ பிரின்டர் ஆல். யார் பெயரில் அதிகம் என்று பாருங்கள். பழைய கன்சோல் பதிவுகள்தான் பெரும்பகுதி. ஆபரேட்என்எஸ் யூசரின் ரீடரையும் மறக்காமல் பாருங்கள். சிஸ்டம் எப்போதோ விழுந்து எழுந்தபோது எடுத்த டம்ப் அங்கே யாரும் தொடாமல் கிடக்கும். அது பெரிய கோப்பு.

அழிப்பதற்குப் பர்ஜ். யூசர் பெயரைக் கொடுத்து, கோப்பு எண்ணைக் கொடுத்து அழியுங்கள். எல்லாரையும் ஒரே வீச்சில் துடைக்கும் வடிவத்தைத் தொடவே தொடாதீர்கள். நிரந்தரத் தீர்வுக்கு எஸ்எஃப்பர்ஜர் என்று இசட்விஎம்முடனேயே வரும் கருவி இருக்கிறது. இத்தனை நாளுக்கு மேல் பழசானதை எடு என்று விதி எழுதி ராத்திரி ஓட விடலாம்.

### கண்ணெதிரே ஏறுகிறது

எங்கோ ஒரு கெஸ்ட் கன்சோலில் இடைவிடாமல் எழுதித் தள்ளுகிறது. அதன் கன்சோல் ஸ்பூல் செய்யப்பட்டு, கோப்பு இன்னும் மூடாமல் திறந்தே இருக்கும். திறந்த கோப்பைப் பர்ஜ் எடுக்காது. “அழிச்சேன் அண்ணா, குறையவே இல்ல” என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்தக் கெஸ்டில் ஸ்பூல் கன்சோல் க்ளோஸ் கொடுத்தால் கோப்பு மூடிக்கொள்ளும், அப்புறம் அழியும். கன்சோலுக்குள் போகாமலே இதைச் செய்ய ஃபார் கட்டளை இருக்கிறது. எழுதித் தள்ளுவதற்கான காரணத்தை லினக்ஸ் டீம் நிறுத்தும் வரை ஸ்பூல் கன்சோல் ஸ்டாப்.

### எந்தக் கோப்பும் பெரிதாக இல்லை, ஆனாலும் ஏறுகிறது

அப்படியானால் அது ஸ்பூல் கோப்பே இல்லை. பேஜிங் இடம் (மெமரியில் கொள்ளாததை வைக்கும் டிஸ்க்) நிரம்பினால் சிபி வழிகிறதை ஸ்பூலில் கொண்டுபோய் ஊற்றும். அடுத்த தலைப்புக்குப் போங்கள், வேகமாக.

### அழித்ததில் எதையோ அழித்துவிட்டேன்

பதறாதீர்கள், ஆனால் உடனே சொல்லுங்கள். சிஎம்எஸ் (யூசர்கள் வேலை செய்யும் சின்ன இயங்குதளம்) என்கிற சேமித்த சிஸ்டமும் ஸ்பூல் இடத்தில்தான் குடியிருக்கிறது. கியூ என்எஸ்எஸ் ஆல் கொடுத்தால் தெரியும். அதை ஒருவர் அழித்தால் ஏற்கனவே ஓடுபவர்களுக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக லாகான் செய்பவர்கள் ஒவ்வொருவராக மாட்டுவார்கள். முதலில் சிஎம்எஸ்ஸை ஏற்றி அதிலிருந்து பூட் ஆகும் லினக்ஸ் கெஸ்டுகளும் அதில் சேர்த்தி.

மெயின்டில் ஐபிஎல் 190 கொடுத்தால் டிஸ்க்கிலிருந்தே சிஎம்எஸ் ஏறும். அங்கே சாம்ப்என்எஸ்எஸ் சிஎம்எஸ், பிறகு ஐபிஎல் 190 க்ளியர் பார்ம் சேவ்சிஸ் சிஎம்எஸ். இரண்டு வரி வேலை. இதைச் செய்ததில்லை என்றால் முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். சீனியரை எழுப்புங்கள், திட்டமாட்டார்.

### இடமே போதவில்லை

புது வால்யூம் சேர்க்க வேண்டும். ஸ்டோரேஜ் டீமிடம் டிஸ்க் கேட்பதால் இங்கேதான் செலவு தொடங்குகிறது. சிபிஎஃப்எம்டிஎக்ஸ்ஏ கொண்டு ஃபார்மட் செய்து, ஸ்பூலுக்கு ஒதுக்கி, டிஃபைன் சிபிஓன்ட், சிஸ்டத்துடன் அட்டாச், ஸ்டார்ட். கியூ அலாக்கில் புது வால்யூம் வந்ததா பாருங்கள். அப்புறம் சிஸ்டம் கான்ஃபிக்கில் சிபிஓன்ட் பட்டியலில் எழுதுங்கள். அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பட்டியலில் ஏற்கனவே உள்ள வால்யூம்களின் ஸ்லாட் எண்ணை மாற்றினால் ஸ்பூல் கோப்புகள் போகும். அசிங்கமாகவே இருக்கட்டும்.

## பேஜிங் இடம் ஏறுகிறது

கியூ அலாக் பேஜ். பாதிக்குக் கீழே இருப்பதுதான் ஆரோக்கியம். அதற்கு மேல் போனால் தொடர்ச்சியான காலி இடம் கிடைக்காமல் பேஜிங்கே மந்தமாகிவிடும். முக்கால் தாண்டினால் அது எச்சரிக்கை. முழுசும் நிரம்பி, ஸ்பூலும் நிரம்பினால் பிஜிடி004 என்ற அபென்டோடு (சிஸ்டம் வீழ்ச்சிக் குறியீடு) மொத்த சிஸ்டமும் விழும், அதன் மேல் ஓடும் எல்லாக் கெஸ்டும் சேர்த்து.

முதலில் பார்க்க வேண்டியது: இன்று புதிதாக யார் எழுந்தார்கள்? யாரோ ஒரு டெஸ்ட் கெஸ்டுக்கு மெமரியை அள்ளிக் கொடுத்து எழுப்பியிருப்பார்கள். உரிமையாளரிடம் கேட்டு, சிக்னல் ஷட்டவுன் கொடுத்து இறக்குங்கள். அது போதவில்லை என்றால் புது பேஜ் வால்யூம், மேலே சொன்ன அதே வழியில். ஸ்பூலும் சேர்ந்து ஏறுகிறது என்றால் யாரிடமும் அனுமதிக்காகக் காத்திருக்காமல் கேப்பாசிட்டி பார்ப்பவரையும் மேனேஜரையும் ஒரே அழைப்பில் எழுப்புங்கள்.

## எல்லாமே மெதுவாக இருக்கிறது

ஒரு கெஸ்ட் மட்டுமா, எல்லாமா? அதைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

எல்லாமும் என்றால் இண்டிகேட் லோட். சிபியு நிரம்பி வழிகிறதா, பேஜிங் அதிகமா என்று அதிலேயே தெரியும். ஒன்று மட்டும் என்றால் அந்த லினக்ஸில் டாப் கொடுத்து எஸ்டி என்ற எண்ணைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் கெஸ்ட் சிபியுவுக்கு வரிசையில் நிற்கிறது. தாழ்ந்திருந்தால் குற்றம் உள்ளேதான். வரிசையில் நிற்கிறது என்றால் கியூ ஷேர், சிபியுவில் அதன் பங்கைச் சொல்லும். யாரும் தொடாத கெஸ்டுக்கு ரிலேட்டிவ் 100 இருக்கும். ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸுக்கும் 100, டெஸ்டுக்கும் 100 என்றால் சண்டை நியாயமாகத்தான் நடக்கிறது, நமக்குத்தான் பிடிக்கவில்லை. செட் ஷேர் கொண்டு உயர்த்துங்கள், டைரக்டரியிலும் எழுதுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கெஸ்டை உயர்த்திக்கொண்டே போனால் கடைசியில் எல்லாரும் பழையபடி சமம்.

## ஐபிஎல்லுக்குப் பிறகு ஒரு கெஸ்டுக்கு மட்டும் நெட்வொர்க் இல்லை

கியூ விஸ்விட்ச் டீடெயில்ஸ். விஸ்விட்ச் என்பது கெஸ்டுகளை நெட்வொர்க்கில் சேர்க்கும் மெய்நிகர் ஸ்விட்ச். அனுமதி பெற்றவர் பட்டியலில் அந்தக் கெஸ்டின் பெயர் இருக்காது. முன்பு யாரோ செட் விஸ்விட்ச் கிராண்ட் என்று கட்டளையாகக் கொடுத்து வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்; ஐபிஎல்லில் அது மறைந்தது. மறுபடி கிராண்ட் கொடுங்கள். அதோடு முடியாது, கெஸ்டை ஸ்விட்சோடு இணைக்கும் கப்பிளும் கெஸ்டில் கொடுக்க வேண்டும். இந்தத் தடவையாவது சிஸ்டம் கான்ஃபிக்கில் மாடிஃபை விஸ்விட்ச் வரியாக எழுதுங்கள். ரேக்எஃப் (பாதுகாப்பு மென்பொருள்) உள்ள தளமானால் அனுமதி அங்கே கொடுக்கப்பட வேண்டும்.

எல்லாக் கெஸ்டுக்கும் போயிருந்தால் அது நம் வேலை இல்லை. ஓஎஸ்ஏ (மெயின்ஃப்ரேமின் நெட்வொர்க் அட்டை), அதற்கு மேல் நிஜ ஸ்விட்ச், நெட்வொர்க் டீம்.

### 3270 திரையே வரவில்லை

முதலில் உங்கள் விபிஎன். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் வரவில்லையா? அப்படியானால் நெட்வொர்க் வழி வரும் 3270 இணைப்புகளை நடத்தும் டிசிபிஐபி யூசர் விழுந்திருக்கலாம். எச்எம்சியில் (மெயின்ஃப்ரேமை நிர்வகிக்கும் தனிக் கணினி) உள்ள 3270 கன்சோல் வழியாகப் போய்ப் பாருங்கள். டிசிபிஐபியை ஃபோர்ஸ் செய்து எழுப்புவதாக இருந்தாலும் அங்கிருந்துதான். உங்கள் சொந்த 3270 வழியாக அதைச் செய்வது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை. நான் வெட்டியிருக்கிறேன்.

## டிஸ்க்கில் எழுத முடியவில்லை, ரீட் ஒன்லி என்கிறது

இன்னொருவர் எழுத வைத்திருக்கிறார். கியூ லிங்க்ஸ் யார் என்று சொல்லும். அவரை விடச் சொல்லுங்கள். எம்டபிள்யூ என்ற முறையில் லிங்க் செய்தால் உடனே எழுத விடும்தான். சிஎம்எஸ் மினிடிஸ்க்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்புப் பட்டியல் குழம்பி டிஸ்க்கே போகும். மாற்றம் செய்தவர் விட்டுப்போன பிறகும் பழைய கோப்பே தெரிகிறது என்றால் அக்சஸ் மறுபடி கொடுங்கள், போதும்.

## சிஎம்எஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் தப்பு

மார்ச்சிலும் நவம்பரிலும் மட்டும் வரும் வியாதி. நம் ஊரில் கடிகாரத்தை யாரும் நகர்த்துவதில்லை என்பதால் நமக்கு மறந்துபோகும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. நியூயார்க்குக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. மார்ச் மாற்றம் நமக்கு ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு வரும், சரியாக பிரியாணி நேரத்தில்.

லினக்ஸ் சரியாகக் காட்டி சிஎம்எஸ் மட்டும் தப்பினால் கியூ டைம்ஸோன்ஸ். கான்ஃபிக்கில் எல்லைத் தேதி எழுதியிருக்கிறதே என்பார்கள். அது ஐபிஎல் ஆகும்போது படிக்கப்படுவது. ஓடுகிற சிஸ்டத்துக்கு செட் டைம்ஸோன் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் நேரம் பார்த்து ஓடும் வேலைகளைச் சரிபாருங்கள்.

## ஃபோர்ஸ் போட்டும் போகவில்லை

லாகாஃப் காத்திருப்பில் என்று திரும்பத் திரும்பச் சொல்லும். முடியாத ஒரு ஐஓவுக்காக அது நிற்கிறது. மறுபடி மறுபடி ஃபோர்ஸ் போடுவதால் எதுவும் நகராது. அந்தக் கெஸ்டின் டிஸ்க் எது, அதன் பாதைகள் நலமா என்று கியூ பாத்ஸ் கொண்டு பாருங்கள். ஸ்டோரேஜ் பக்கம் கோளாறு இருந்து அது சரியானால் கெஸ்ட் தானே போய்விடும்.

இல்லையென்றால் இதை நம்மால் தீர்க்க முடியாது. ஸ்நாப்டம்ப் எடுங்கள், சிஸ்டத்தை வீழ்த்தாமல் டம்ப் தரும். ஐபிஎம் சப்போர்ட்டில் கேஸ் போடுங்கள். டம்ப் எடுக்காமல் சிஸ்டத்தை மறு ஐபிஎல் செய்தால் தடயமும் போய்விடும், அடுத்த மாதம் அதே கதை.

## சிஸ்டமே ஏறவில்லை

### நேற்று சிஸ்டம் கான்ஃபிக்கில் கை வைத்தோம்

அதுதான் காரணம். ஐபிஎல்லின்போது லோட்பார்மில் கன்சோலைக் கொடுத்தால் சாபிள் (சிஸ்டத்தை ஏற்றும் நிரல்) திரை வரும். அங்கே பழைய கான்ஃபிக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஏற்றலாம். பழைய கோப்பு இருந்தால்! மாற்றுவதற்கு முன் ஒரு நகல், மாற்றிய பின் சிபிசின்டாக்ஸ் (கோப்பில் பிழை பார்க்கும் கருவி), இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்.

### வார்ம் ஸ்டார்ட் முடியவில்லை என்கிறது

சிஸ்டம் உங்களிடம் தேர்வு கேட்கும். வார்ம் என்பது வழக்கமானது. இங்கே ஃபோர்ஸ் என்றால் சேதமான ஸ்பூலிலிருந்து மீட்க முடிந்ததை மீட்டு ஏறும். கோல்ட் என்றால் ஸ்பூல் கோப்புகள் எல்லாம் போகும், சேமித்த சிஸ்டங்களைக் காப்பாற்ற முயலும். க்ளீன் என்றால் அதுவும் கிடையாது. க்ளீன் என்ற பெயரைப் பார்த்து நல்ல விஷயம் என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். எஸ்பிஎக்ஸ்டேப் கொண்டு எடுத்து வைத்த நகல் இருந்ததால் பிழைத்தார்.

இந்தத் திரைக்கு முன்னால் வந்துவிட்டால், ஃபோர்ஸுக்குக் கீழே உள்ள எதையும் தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐபிஎம்மைக் கூப்பிடுங்கள். மெஷின் வரிசை எண், அபென்ட் குறியீடு, கியூ சிபிலெவல் கடைசியாகச் சொன்ன பதிப்பு, திரையின் புகைப்படம், கடைசியாக மாற்றியது யார், எதை என்பது எல்லாம் கையில் இருக்கட்டும். பதிப்பு எண்ணை மாதம் ஒரு தடவை தாளில் எழுதி வையுங்கள். சிஸ்டம் விழுந்த பிறகு அதை எங்கே போய்க் கேட்பது?